8.6999999999999993 வாங்கிய மாணவி

கல்லூரி அலுவலகத்திலிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் போகிறது. தங்கள் மகள் கௌரி இந்தப் பருவத்தில் 8.6999999999999993 சிஜிபிஏ பெற்றுள்ளார் என்று அது தெரிவிக்கிறது. பிறந்த தேதி 8/5/2004 என்கிறது. பதிவு எண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டிய பூஜ்யத்தைக் காணோம். முகவரியில் கதவு எண் வரவேண்டிய இடத்தில் மொட்டையாக ஒரு 0. அலுவலக உதவியாளர் பதறிப்போய் எக்செல் கோப்பைத் திறந்து பார்க்கிறார். அங்கே 8.7 என்றுதான் இருக்கிறது. தேதி 05-08-2004. பதிவு எண் 0417. கதவு எண் 12ஏ. எல்லாம் ஒழுங்கு.

கடிதம் நான் இட்டுக்கட்டியது. பிழைகள் நிஜமானவை. மெயில் மெர்ஜ் செய்கிற எந்த அலுவலகத்திலும், எந்த டிடிபி கடையிலும் இவை நடக்கலாம், நடக்கின்றன. இதில் வேடிக்கை, யாரும் எதையும் தப்பாக அடிக்கவில்லை. கணினியும் தனக்குச் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. திரையில் தெரிவது ஒன்று, கோப்புக்குள் இருப்பது வேறொன்று. மெயில் மெர்ஜில் வருகிற கோளாறுகளில் பெரும்பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

வேர்டிலிருந்தே தொடங்கலாம். ஒரே கடிதத்தை அறுநூறு பேருக்கு அனுப்ப வேண்டும், பெயரும் முகவரியும் மட்டும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். கடிதத்தை வேர்டில் அடித்து, பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு 'மெர்ஜ் ஃபீல்டு' செருகுகிறோம். அது இரட்டைக் கோணக் குறிகளுக்குள் «நேம்» என்று தெரிகிறது. இந்தக் கோணக் குறிகளைச் சின்னக் குறிகள் தொகுப்பிலிருந்து எடுத்து நாமே அடித்தாலும் பார்வைக்கு அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். ஆனால் வேலை செய்யாது. அறுநூறு கடிதத்திலும் «நேம்» என்றே அச்சாகும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்9 தட்டினால் காரணம் தெரிந்துவிடும். நிஜமான ஃபீல்டு உடனே முகமூடியைக் கழற்றி, நெளிவு அடைப்புக்குள் 'மெர்ஜ்ஃபீல்டு நேம்' என்ற கட்டளையாக மாறி நிற்கும். கையால் அடித்தது அசையாமல் அப்படியே இருக்கும். அந்த நெளிவு அடைப்புகூட விசைப்பலகையில் இருக்கிற அடைப்புக்குறி அல்ல. கன்ட்ரோலும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால்தான் வரும். மெயில் மெர்ஜில் எது கோளாறானாலும் முதலில் செய்யவேண்டியது இந்த ஆல்ட்-எஃப்9 என்பேன். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் புரட்டிப் பின்பக்கத்தையும் படிக்கிற மாதிரியான பழக்கம் இது. நம்மில் பலருக்கு இல்லை.

தரவு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆவணமே சொல்லும். மெர்ஜ் கடிதத்தை மூடிவிட்டு மறுநாள் திறந்தால், 'இந்த ஆவணத்தைத் திறந்தால் பின்வரும் எஸ்கியூஎல் கட்டளை இயங்கும்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். பலரும் அதை வைரஸ் எச்சரிக்கை என்று நினைத்து 'நோ' கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த நொடியில் கடிதத்துக்கும் பட்டியலுக்கும் உறவு அறுந்துபோகிறது. அந்தப் பெட்டியில் இருப்பது, 'ஷீட்1-இல் உள்ள எல்லாவற்றையும் எடு' என்ற ஒரு வரி. டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வகத்தில் உருவாக்கிய கேள்வி மொழியின் வாரிசு அது. கட்டண நினைவூட்டல் கடிதம் என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கிற சின்ன நிரல். அந்த நிரல், எக்செல் கோப்பு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற முழு விலாசத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வேறு கணினிக்குப் போனால் விலாசம் மாறிப்போய், பட்டியலைக் காணோம் என்று புலம்பும். இன்னொன்று: அது படிப்பது வட்டில் சேமித்த கோப்பை. எக்செலில் திருத்திவிட்டு 'சேவ்' செய்யாமல் வேர்டுக்கு வந்தால், பழைய விலாசத்துக்கே கடிதம் போகும்.

இப்போது 8.7-க்கு வரலாம். முன்பெல்லாம், அதாவது வேர்டு 2000 வரை, வேர்டு நேராக எக்செலையே கூப்பிட்டு 'இந்தக் கட்டத்தில் என்ன தெரிகிறது?' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். டிடிஇ என்று அந்த முறைக்குப் பெயர். எக்செல் திறந்திருக்க வேண்டும், மெதுவாக நடக்கும், முதல் தாளை மட்டும்தான் எட்டும். ஆனால் திரையில் கண்டது கடிதத்தில் வரும். 2001-இல் வந்த ஆபீஸ் எக்ஸ்பி-யிலிருந்து வழக்கமான வழி மாறியது. ஓஎல்இ டிபி என்ற இணைப்பு, எக்செலைத் தொந்தரவு செய்யாமல் கோப்பைத் தானே பிரித்துப் படிக்கிறது. வேகம் கூடியது, எந்தத் தாளிலிருந்தும் எடுக்க முடிந்தது. ஆனால் கட்டத்தின் வடிவமைப்பு இந்த வழியில் வருவதில்லை. இரண்டு தசமம், ரூபாய்க் குறி, முன்பூஜ்யம், தேதியின் வரிசை எல்லாம் எக்செல் தன் திரைக்காகப் பூசிய பூச்சு. வேர்டுக்கு வந்து சேர்வது வெறும் மதிப்பு மட்டும். 12.5% என்று தெரிந்தது 0.125 ஆக வருவது இதனால்தான்.

அந்த வெறும் மதிப்பு ஏன் 8.7 ஆக இல்லை? கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகத்தான் எழுதும். புள்ளிக்குப் பின்னால் அதனிடம் இருப்பவை அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒரு பங்காகிய மாகாணி என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் துண்டுகள். 0.5 சுலபம், ஒரே துண்டு. 0.7-க்கு ½ எடுத்து, ⅛ சேர்த்து, 1/16 சேர்த்தால் 0.6875. பிறகு 1/128, 1/256 சேர்த்தால் 0.69921875. இப்படிச் சேர்த்துக்கொண்டே போகலாம். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 3 முடிவில்லாமல் வருவதுபோல் இதுவும் ஒரே கோலத்தில் திரும்பத் திரும்ப வருமே தவிர முடியாது. எங்கேயாவது நிறுத்த வேண்டும். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரம், 64 பிட் எண்ணில் 53 பிட் அளவுக்குத் துல்லியம் வைத்துக்கொண்டு அங்கே நிறுத்தச் சொல்கிறது. இந்தத் தரத்தின் மூளையாக இருந்த வில்லியம் காஹனுக்கு 1989-இல் டூரிங் விருது கிடைத்தது. நிறுத்திய இடத்தில் 8.7-க்கு மிக அருகில் கிடைக்கிற எண்ணை 17 இலக்கத்துக்கு எழுதினால் 8.6999999999999993. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் காட்டாது, ஆகவே அங்கே இது நமக்குத் தெரிவதில்லை.

இதன் அழகான விளைவு, கோளாறு எல்லாருக்கும் வராது என்பது. 8.5 வாங்கிய மாணவனின் கடிதம் சுத்தமாக இருக்கும். 8.7 வாங்கியவருக்குக் கொஞ்சம் குறைந்துபோகும். 8.3 வாங்கியவருக்கோ 8.3000000000000007 என்று கூடுதலாகவே கிடைக்கும். ஒரு தசம இடத்தில் முடிகிற மதிப்புகளில் .0, .5 இரண்டு மட்டுமே இரும எண்ணில் கச்சிதமாக அடங்கும்; மற்ற எட்டும் வாலோடுதான் இருக்கும். முதல் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டு 'சரியாத்தான் இருக்கு, போடு' என்று அச்சுக்கு அனுப்புகிறவர், அந்த முதல் மாணவர் 8.5 வாங்கியிருந்தால் மாட்டிக்கொள்வார்.

மருந்து சின்னது. ஆல்ட்-எஃப்9 தட்டி, ஃபீல்டுக்குள் பெயருக்குப் பின்னால் \# 0.0 என்று சேர்த்துவிட்டால் வேர்டே ஒரு தசமத்துக்கு முழுமைப்படுத்தித் தரும். பதிவு எண்ணுக்கு \# 0000 போட்டால் தொலைந்த பூஜ்யம் திரும்பிவிடும். சேர்த்த பின் ஃபீல்டைத் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழையதே நிற்கும். ஒரு எச்சரிக்கை: 16 இலக்க எண்ணை எக்செலில் எண்ணாகவே அடித்திருந்தால் கடைசி இலக்கம் அப்போதே 0 ஆகியிருக்கும். 15-க்கு மேல் அது நினைவில் வைப்பதில்லை. அதை எந்த \# குறியும் மீட்டுத் தராது.

தேதியின் கதை இன்னும் பழையது. எக்செலுக்குத் தேதி என்று ஒன்று கிடையாது. நாள் கணக்குதான் உண்டு. 1900 ஜனவரி 1 முதல் நாள், அதாவது 1. கௌரி பிறந்த 2004 ஆகஸ்ட் 5, அதன் கணக்கில் 38204. இந்த எண்ணிக்கையில் ஒரு பொய்யும் புதைந்திருக்கிறது. 60-ஆம் நாள் என்னவென்று எக்செலைக் கேட்டால் 1900 பிப்ரவரி 29 என்று சொல்லும். அப்படி ஒரு நாள் உலகத்தில் விடியவே இல்லை. 1900 லீப் ஆண்டு அல்ல. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது, அதன் கோப்புகளோடு ஒத்துப்போகவேண்டி எக்செலும் தெரிந்தே அந்தத் தப்பைத் தொடர்ந்தது. மெக்கின்டாஷுக்கு வந்த எக்செலோ 1904-லிருந்து எண்ணியது. இரண்டுக்கும் இடையே 1462 நாள் வித்தியாசம். பழைய மேக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய பட்டியலில் எல்லாருடைய வயதும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் மாறியிருந்தால் காரணம் இதுவாக இருக்கும்.

ஓஎல்இ டிபி வழியாக வருகிற தேதியை வேர்டு அமெரிக்க முறையில், மாதத்தை முன்னால் வைத்து எழுதுகிறது. நம் கணினியில் இந்திய முறை வைத்திருந்தாலும் இந்த வழக்கம் மாறுவதில்லை. 25-08-2004 என்பது 8/25/2004 ஆனால் யாருக்கும் உறுத்தும், 25-ஆவது மாதம் கிடையாதே. 05-08-2004 என்பது 8/5/2004 ஆகிவிட்டால் உறுத்தாது. மே 8 என்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆண்டில் இப்படி இரண்டு விதமாகவும் படிக்க முடிகிற நாட்கள் எத்தனை? நாளும் மாதமும் 12-க்குள் இருக்கவேண்டும்: 12 × 12 = 144. அதில் 1-1, 2-2 போன்ற 12 நாட்களைத் தலைகீழாக்கினாலும் அதேதான். மீதி 132. வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மாணவர்களின் பிறந்தநாள், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராத விதத்தில் தப்பாக அச்சாக வாய்ப்பிருக்கிறது. பிழை என்று கத்துகிற பிழையைவிட இது பொல்லாதது.

இதற்கும் ஃபீல்டுக்குள் ஒரு குறி உண்டு: \@ போட்டு, மேற்கோளுக்குள் நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில் ஆங்கில எழுத்துகள். இங்கே ஒரு குழி. மாதத்துக்குரிய எழுத்து பெரிய எம். சின்ன எம் போட்டால் வேர்டு அதை நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். எக்செல் அக்கம்பக்கம் பார்த்து மாதமா நிமிடமா என்று தானே ஊகித்துக்கொள்வதால் அங்கே சின்ன எம் போட்டுப் பழகியவர்கள் இங்கே விழுந்துவிடுகிறார்கள். பிறந்த நேரத்தை யாரும் பட்டியலில் ஏற்றுவதில்லை, எல்லாருக்கும் நள்ளிரவுதான். ஆகவே கடிதத்தில் 05-00-2004 என்று வரும்.

நான்காவது பிழைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கதவு எண் ஏன் 0 ஆயிற்று?

கோப்பைப் பிரித்துப் படிக்கிற இணைப்பு, ஒவ்வொரு நெடுவரிசையிலும் இருப்பது எண்ணா எழுத்தா தேதியா என்று ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசைக்கு ஒரே வகைதான் இருக்க முடியும். எக்செலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மேலே எண், கீழே எழுத்து, நடுவில் தேதி என்று எதை வேண்டுமானாலும் போடலாம். ஆக இணைப்பு ஊகிக்கிறது. எப்படி? முதல் எட்டு வரிகளைப் பார்க்கிறது, பெரும்பான்மை எதுவோ அதையே முழு நெடுவரிசைக்கும் தீர்மானிக்கிறது. விண்டோஸ் ரிஜிஸ்ட்ரிக்குள் அந்த எட்டு ஓர் எண்ணாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. முதல் எட்டு மாணவர்கள் 7, 15, 23, 104 என்று ஒழுங்கான கதவு எண்ணுள்ள வீடுகளில் குடியிருந்தால், அந்த நெடுவரிசை எண் வகை. பிறகு 43-ஆவது வரியில் வருகிற 12ஏ, எண் அல்லாததால் செல்லாது; வெற்றிடமாகவோ 0 ஆகவோ கடிதத்தில் வந்து விழும். அறுநூறு பேரின் விலாசத்தை எட்டே பேர் முடிவு செய்கிறார்கள். நீளமான குறிப்புரைகள் பாதியில் அறுந்துபோவதும் இதன் உடன்பிறப்புதான்: முதல் வரிகளில் எதுவும் 255 எழுத்தைத் தாண்டாவிட்டால், மொத்த நெடுவரிசைக்கும் 255 தான் இடம் என்று முடிவாகிவிடும்.

எக்செலும் தன் பங்குக்கு ஊகிக்கும். சென்னையில் புதிய எண்ணையும் பழைய எண்ணையும் சேர்த்து 5/8 என்று எழுதுவது வழக்கம். அதை அப்படியே அடித்து என்டர் தட்டினால், கதவு எண் ஆகஸ்ட் 5 ஆகிவிடும். இந்த ஊகம் அறிவியல் உலகத்தையே ஆட்டி வைத்த கதை உண்டு. மனித மரபணுக்களில் செப்ட்2, மார்ச்1 என்றெல்லாம் சுருக்கப் பெயருள்ளவை இருந்தன. எக்செலில் ஏற்றினால் அவை செப்டம்பர் 2, மார்ச் 1 ஆகிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் இணைப்பாகத் தந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருக்கிறது என்று 2016-இல் 'ஜீனோம் பயாலஜி' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கிற குழு தோல்வியை ஒப்புக்கொண்டு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. செப்ட்2 இப்போது செப்டின்2. மென்பொருளைத் திருத்துவதைவிட மனித மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது! 2023-இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கிற வசதியை மைக்ரோசாஃப்ட் எக்செலில் சேர்த்தது.

ஆதியில் இந்த ஊகமெல்லாம் கிடையாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் டங்கன் 1896-இல் காப்புரிமை பெற்ற அட்ரஸ்ஸோகிராஃப் என்ற விலாசம் அச்சிடும் பொறியில், விலாசம் என்பது புடைத்து நிற்கிற எழுத்து. கண்ணுக்குத் தெரிந்ததுதான் தாளிலும் பதிந்தது. 1964-இல் ஐபிஎம் விற்ற காந்த நாடாத் தட்டச்சுப்பொறி இரண்டு நாடாக்களைக் கையாளும்: ஒன்றில் கடிதம், மற்றொன்றில் பெயர்ப் பட்டியல், இரண்டையும் கோத்து அடிக்கும். பிறகு வேர்டுஸ்டார் காலத்தில் 'மெயில்மெர்ஜ்' என்ற பெயரிலேயே ஒரு துணை நிரலைத் தனி விலைக்கு விற்றார்கள். அதில் பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டு & குறிகளுக்கு நடுவே தலைப்பைப் போட வேண்டும். பட்டியல் வெறும் எழுத்துக்கோப்பு, காற்புள்ளியால் பிரித்தது. '5, காந்தி தெரு' என்று விலாசத்துக்குள்ளேயே ஒரு காற்புள்ளி வந்து, அதை மேற்கோளுக்குள் வைக்க மறந்துவிட்டால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். ஊர் இருக்கவேண்டிய இடத்தில் தெரு, அஞ்சல் எண் இருக்கவேண்டிய இடத்தில் ஊர். அசிங்கமான பிழைதான், ஆனால் தூரத்திலிருந்தே தெரிகிற பிழை.

தமிழில் மெர்ஜ் செய்கிறவர்களுக்குச் சீதனமாகச் சில தனிக் கோளாறுகள் உண்டு. எக்செல் தாளில் பெயர்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருந்தால், கடிதத்தில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். காரணம் மேலே சொன்னதுதான்: எழுத்துருவும் வடிவமைப்பு, அதுவும் வராது. அந்தப் பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. வேர்டில் அந்த ஃபீல்டுக்கும் அதே எழுத்துருவைக் கொடுத்தால் அப்போதைக்குச் சமாளிக்கலாம். பட்டியலையே ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது.

ஒருங்குறியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இணையவழிப் படிவத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால், தமிழ்ப் பெயர்கள் வட்டத்துக்குள் ஆர் போட்ட ® குறிகளின் அணிவகுப்பாக மாறியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். எக்செல் அதைப் பழைய ஐரோப்பியக் குறிமுறை என்று நினைத்தால் மூன்றையும் மூன்று தனி எழுத்தாகக் காட்டும். முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே, ஆகவே மேலே சாய்கோடு போட்ட ஒரு சின்ன ஏ திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது பைட் பெரும்பாலான தமிழ் எழுத்துகளுக்கு ® ஆகும். மூன்றாவதில்தான் எழுத்துக்கு எழுத்து வித்தியாசம். 'க'வுக்கு அது • என்ற கரும்புள்ளி. கோப்பு கெடவில்லை, படித்த கண் தப்பு. 'டேட்டா' மெனு வழியாக யுடிஎஃப்-8 என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தால் பெயர்கள் உயிரோடு எழுந்து வந்துவிடும்.

கௌரி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் அதை ககரத்தோடு ஔகாரக் குறி சேர்த்து அடிக்கிறார்கள். சிலர் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்து, ரி போட்டு 'கெளரி' என்று முடிக்கிறார்கள். தாளில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் அபூர்வம். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். அகரவரிசைப்படுத்தினால் வேறு வேறு இடத்தில் உட்காரும். 'கௌரி என்றால் இந்த வாசகத்தைப் போடு' என்று ஒரு இஃப் ஃபீல்டு எழுதியிருந்தால் பாதிக் கௌரிகளுக்கு அது வேலை செய்யாது. பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு காலி இடமும் இதே காரியத்தைச் செய்யும்.

வேர்டு தயாராக வைத்திருக்கும் 'கிரீட்டிங் லைன்' வசதியை நம் பெயர்களுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே உத்தமம். அதன் பெட்டியில் ஜோஷுவா ராண்டல் ஜூனியர் என்ற கற்பனை மனிதர் மாதிரியாக நிற்கிறார். முதல் பெயர், குடும்பப் பெயர், 'டியர் மிஸ்டர் ராண்டல்'. நம் பட்டியலில் குடும்பப் பெயர் கட்டத்தில் இனிஷியல் இருக்கும். முருகனின் தகப்பனாருக்கு 'டியர் மிஸ்டர் கே.' என்று கடிதம் போகும்.

லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கத்தில் 24 லேபிள், 24-லும் ஒரே ஆளின் விலாசம் வந்தால், இரண்டாவது லேபிளிலிருந்து ஒவ்வொன்றின் முன்னாலும் இருக்கவேண்டிய 'நெக்ஸ்ட் ரெக்கார்டு' ஃபீல்டு இல்லை என்று அர்த்தம். கடிதம் முடிந்தால் அடுத்த ஆளுக்குப் போகவேண்டும் என்பது வேர்டுக்குத் தெரியும். பக்கத்தின் நடுவில் ஆள் மாறவேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். முதல் லேபிளைச் சரியாக அமைத்துவிட்டு 'அப்டேட் லேபிள்ஸ்' பொத்தானை அழுத்தினால் போதும். முதல் லேபிளிலேயே அந்த ஃபீல்டைப் போட்டுவிட்டால் பட்டியலின் முதல் ஆள் காணாமல் போவார்.

இதையெல்லாம் சோதிக்க வேர்டிலேயே 'செக் ஃபார் எரர்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பார்ப்பது வேறு. கடிதத்தில் உள்ள ஃபீல்டின் பெயர் பட்டியலின் தலைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும். யாரோ எக்செலில் தலைப்பை மாற்றியிருந்தாலோ, தலைப்புக்கு மேல் 'மூன்றாம் ஆண்டு மாணவர் பட்டியல்' என்று அழகுக்கு ஒரு வரி சேர்த்திருந்தாலோ, 'செல்லாத மெர்ஜ் ஃபீல்டு' என்று பிடித்துவிடும். மே 8 ஆன ஆகஸ்ட் 5-ஐயும், 0 ஆன 12ஏ-வையும் அது பிடிக்காது. பிழை எதுவுமில்லை என்றே சொல்லும், அதன் அகராதிப்படி அது உண்மை.

நான் பரிந்துரைப்பது ஃபீல்டுக்குள் குறிகளை அடுக்குவதை அல்ல. பட்டியலில் கடிதத்துக்கென்றே ஒரு தனித் தாள் போட்டு, எக்செலின் டெக்ஸ்ட் சூத்திரத்தால் எண், தேதி, தொகை எல்லாவற்றையும் அச்சாகவேண்டிய வடிவத்திலேயே எழுத்தாக மாற்றி வைத்துவிட வேண்டும். லட்சம், கோடி என்று நம் முறையில் காற்புள்ளி போடுவதையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அந்தத் தாளில் தெரிவதும் இருப்பதும் ஒன்றாகிவிடுகிறது. கட்டத்தின் வடிவத்தை மட்டும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றுவது இதற்கு ஈடாகாது. ஏற்கெனவே எண்ணாக உட்கார்ந்திருப்பது எண்ணாகவே இருக்கும், திரும்ப அடித்தால்தான் மாறும்.

அதோடு அந்தத் தாளில் தலைப்புக்கு அடுத்த முதல் வரியில், நிஜத்தில் இல்லாத ஒரு மாணவரைச் சேர்த்துவிடுவது நல்லது. இருப்பதிலேயே நீளமான பெயர், அதில் ஒரு ஔகாரம், பிறந்த தேதி 05-08, சிஜிபிஏ 8.7, பதிவு எண் 0-வில் தொடங்கட்டும், கதவு எண் 12ஏ, குறிப்புரை 300 எழுத்து, விலாசத்தின் இரண்டாவது வரி காலி. 'பிரிவ்யூ' பொத்தானை அழுத்தியதும் முதலில் வந்து நிற்பவர் அவராகத்தான் இருப்பார், எது உடைந்திருந்தாலும் அவர் கடிதத்திலேயே தெரிந்துவிடும். முதல் எட்டுப் பேரில் ஒருவராக இருப்பதால் ஊகிக்கிற இணைப்பின் கண்ணிலும் அவர் படுவார். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் 'எடிட் ரெசிபியன்ட் லிஸ்ட்' திறந்து அவர் பெயருக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். தாளிலிருந்து அழிக்க வேண்டாம். அடுத்த பருவத்துக்கும் அவர் தேவைப்படுவார்.